சந்தாதாரர்களுக்கு மட்டும்

இலவசம் என்ற சொல்லைக் கண்டால் என் கால்கள் தாமாக நின்றுவிடும். இதில் எனக்கே வெட்கம்தான். ஏனென்றால் அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில் வேலை. ஃப்ரிட்ஜ் வாங்கினால் இஸ்திரிப்பெட்டி இலவசம், வாஷிங் மெஷின் வாங்கினால் வாளி இலவசம் என்று அட்டை எழுதி மாட்டுகிற ஆள் நான்தான். அந்த இஸ்திரிப்பெட்டியின் லட்சணம் எனக்குத் தெரியும். வாளியின் கைப்பிடி எப்போது கழன்று வரும் என்பதுகூடத் தெரியும். இருந்தும் வீடு திரும்பும் வழியில் சோப்போடு சோப்பு டப்பா இலவசம் என்றால் இரண்டாக வாங்கிக்கொண்டு போவேன். எங்கள் வீட்டில் சோப்பைவிட சோப்பு டப்பாக்கள் அதிகம்.

இந்தப் புத்திதான் மாமாவின் வலது கை விஷயத்திலும் விளையாடியது.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. மாமியார் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்கு இயந்திரம் வராத காலம். எதிரே சுவர் முழுக்க மரப்பொந்துகள் இருக்குமாம். இவர் கடிதத்தை வீச, அது தானாகத் தன் பொந்தைத் தேடிப்போய் உட்காருமாம். வீட்டுக்குக் கிளம்புவதற்குள் தட்டில் ஒரு கடிதம்கூடத் தேங்கக் கூடாது. ஓய்வு பெற்றதும் அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கு மாற்றலாகி வந்துவிட்டது. துவைத்த துணி மடிக்காமல் கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஃபியூஸ் போன பல்பும் தேங்கக் கூடாது அல்லவா? ஸ்டூல் போட்டு ஏறினார். விழுந்ததில் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, விரல்கள்தான் கூடவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், கல்யாணத்தில் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்க மறுத்தன.

"இந்த ரெண்டு விரலும் தொடணும். அவ்வளவுதான் விஷயம்," என்றார் பிசியோதெரபி டாக்டர். வயதில் சின்னப் பெண். பேச்சு மட்டும் தலைமை ஆசிரியை. "ரப்பர் பந்தைக் குடுத்தா ரெண்டு நாள் அமுக்குவாரு, அப்புறம் சோபாவுக்கு அடியில போட்டுடுவாரு. ஆசையா செய்யற மாதிரி பொடி வேலை ஏதாவது குடுங்க. எடுக்கணும், பிடிக்கணும், திருகணும். தினமும். மழைக்காலம் வர்றதுக்குள்ள தொடலைன்னா அப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் மறுபடி ஆபரேஷன்தான். அதுலயும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

யோசனை சொன்னவர் என் சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எதிரே யார் பேசினாலும் இல்லாத பிரேக் ஒன்றைக் காலால் அழுத்திக்கொண்டே கேட்பார். அவர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டார். வாரம் ஓர் இதழ். ஒவ்வோர் இதழோடும் சின்னப் பையில் சில பாகங்கள், ஸ்குரூக்கள். எல்லா இதழையும் வாங்கி மாட்டி முடித்தால் கை நீளத்துக்கு ஒரு நீராவி எஞ்சின் நிற்கும்.

"டாக்டர் சொன்னதுக்கு அச்சு அசலா பொருந்துது பாருங்க," என்றார் சகலை. "லாண்டரிக்குப் பக்கத்துல ஒரு ஹாபி கடை இருக்கு. மாடல் ஏரோப்ளேன், ரயில் எல்லாம் விக்கிறாரு. அங்க வாராவாரம் ஒண்ணு ஒண்ணா வாங்கிக்கலாம்."

நான் அதற்குள் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். மஞ்சள் கட்டத்துக்குள் சிவப்பு எழுத்து: சந்தாதாரர்களுக்கு மட்டும்! அடுத்து வரிசையாக, ஸ்குரூடிரைவர் செட் இலவசம், இதழ்களைக் கோத்து வைக்க ஃபைல் இலவசம், எஞ்சின் படம் போட்ட காபி மக் இலவசம், கடைசியில் கண்ணாடிப் பெட்டி இலவசம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் பொறித்த பித்தளைத் தகடு. போதாக்குறைக்கு, வீடு தேடி வரும்.

"சகலை, கடையில வாங்கினா இதுல என்ன கிடைக்கும்?"

"இதழ் கிடைக்கும்."

"அது மட்டும்தானே?"

"அதுக்குத்தானே சகலை போறோம்?"

அவருடைய கால் பிரேக்கை அழுத்தியது. நான் நிற்கவில்லை. அன்று மாலையே சந்தா கட்டிவிட்டேன். பெயர் என்று கேட்ட இடத்தில் பழக்க தோஷத்தில் என் பெயரைப் போட்டேன். பித்தளைத் தகட்டில், எஞ்சினை உருவாக்கியவர் என்று என் பெயர்தான் வரும் என்பது பிறகுதான் உறைத்தது. சகலைக்கு அது தெரிந்த நாளிலிருந்து என்னை 'எஞ்சினியர் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்.

முதல் பெட்டி வந்தது. அதில்தான் முதல் இடி. சந்தாதாரர்களுக்கு இதழ் வாரம் ஒன்றாக வராதாம். மாதத்துக்கு உரியது மொத்தமும் ஒரே பெட்டியில் வருமாம். இதுவும் ஒரு சலுகை என்று உள்ளே இருந்த காகிதம் சொன்னது. கொண்டுவந்தது தபால்காரர் இல்லை, கூரியர் பையன் என்பதில் மாமா முகம் சுளித்தார். "கையெழுத்து வாங்காம வாசல்ல வெச்சுட்டுப் போறான். இவனெல்லாம் எங்க ஆபீஸ்ல ஒரு நாள் தாங்க மாட்டான்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஏன்பா கதவு?" என்று கேட்டாள் என் மனைவி.

"கவனம் கலையும்மா."

மறுநாள் சாயங்காலம் கதவு திறந்தது. அந்த மாதத்து வேலை முழுக்க முடிந்து மேசை மேல் நின்றது. எஞ்சினின் முகப்பு, புகைபோக்கி, விளக்கு எல்லாம் கச்சிதம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கையால் இவ்வளவா என்று கடையில் எல்லாரிடமும் சொன்னேன்.

அதன் பிறகு மாதம் முழுக்க மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். மடியில் வலது கை, பார்வை வாசலில். கூரியர் வண்டிச் சத்தம் கேட்டால் எழுவார். பக்கத்து வீட்டுக்கு என்று தெரிந்தால் உட்காருவார்.

"மாப்பிள்ளை, அடுத்தது எப்போ?"

"வந்துரும் மாமா."

"வந்துரும்னா? அனுப்பிட்டாங்களா, பிரிச்சுட்டாங்களா, வண்டியில ஏத்திட்டாங்களா?"

இந்தக் கேள்விகளோடு நான் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அவ்வளவு முக்கியம் என்றால் எடுத்துத் தொலையேன் என்று நான் ஒரு தடவை வாய்விட்டே சொன்னேன். சரியாக அந்த நேரத்தில் ஒரு பெண் எடுத்துவிட்டாள்.

"மன்னிக்கணும் சார், என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கியான்னு கேட்டேன்."

இரண்டாவது பெட்டி தாமதமாக வந்தது. அதில் ஃபைல் இருந்தது, இதழ்கள் இல்லை. இதழ்கள் தனியாக வந்தன. அதோடு இன்னொரு ஃபைல். மூன்றாவது முறை ஒரு பெரிய பெட்டி. வீடே சுற்றி நின்று பார்க்க, மாமா நாடாவைக் கிழித்தார். பஞ்சு மாதிரி காகிதம், அதற்குள் காகிதம், அதற்குள் ஒரு காபி மக். வேறொன்றும் இல்லை. மக்கில் எஞ்சின் படத்தைத் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள்.

"குடிக்கும்போது எதிர்ல இருக்கிறவங்களுக்கு நேரா தெரியுமோ என்னவோ," என்றேன், சமாளிக்க.

என் மனைவி அதை வாங்கிப்போய்க் குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்களைப் போட்டு வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாத நாட்களில்தான் எனக்கு அதிகமாகக் காது வலிக்கும்.

இதழ்கள் கடைசியில் வந்து சேர்ந்தபோது அதில் ஒன்று குறைந்தது. சிலிண்டர் இதழ். அது இல்லாமல் சக்கரம் மாட்ட முடியாது. சக்கரம் இல்லாமல் மேலே எதுவும் நகராது. மாமா மற்றதை ஒரே நாளில் முடித்துவிட்டு, சிலிண்டர் வரவேண்டிய ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். விழுந்த பல்லின் இடத்தை நாக்கால் தடவுகிற மாதிரி, காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் அந்த ஓட்டையை விரலால் தடவிவிட்டு வருவார். கை சும்மா இருக்கிறது. வானத்தில் ஏற்கெனவே அங்கங்கே மேகம்.

வேறு வழியில்லாமல் ஹாபி கடைக்குப் போனேன். குறுகலான கடை. கூரையில் நூல் கட்டித் தொங்கும் விமானங்கள் ஒவ்வொன்றும் என் தலையைத் தட்டி வரவேற்றன. உள்ளே பசை வாசனை. பின்னால் ஒரு நீள மேசை, இரண்டு மூன்று பேர் குனிந்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் வரிசையாக மரப்பொந்துகள், ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளருக்கு அவர் வைத்த பட்டப்பெயரோடு ஒரு சீட்டு: ரெட்டைக் கண்ணாடி, பசைக்கை, லேட்டு.

"எஞ்சின் பத்திரிகை வேணும். சிலிண்டர் வர்ற இதழ்."

"சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. நான் சந்தா கட்டியிருக்கேன்."

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். ஒட்டின இடத்தில் பிதுங்கி நிற்கும் பசையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"அப்போ சந்தாவைப் போய்க் கேளுங்க."

"கேட்டேங்க. மக் அனுப்புனாங்க."

பின்மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"அந்தப் பொந்துல ஒண்ணு இருக்கே?" என்று கை காட்டினேன்.

"அது பசைக்கையோடது. சொல்லி வெச்சவங்களுக்கு எத்தனையோ அத்தனைதான் எனக்கு வரும். ஒண்ணு உங்களுக்குக் குடுத்தா ஒருத்தர் எஞ்சின் நொண்டும்."

"அவசரம்ங்க. ஒரு ஜெராக்ஸாவது எடுத்துக்கிறேனே..."

"ஸ்குரூவையும் ஜெராக்ஸ் எடுப்பீங்களா?"

அவருக்கே பாவமாகிவிட்டதோ என்னவோ, குரலை இறக்கினார். "சொல்லி வாங்கித் தர்றேன், அடுத்த வாரம் வாங்க. பொந்துக்குப் பேரு போடணும். எதுக்காக சந்தா கட்டுனீங்க?"

ஸ்குரூடிரைவர், ஃபைல், மக், கண்ணாடிப் பெட்டி என்று ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சீட்டில் எழுதி ஒட்டினார். எட்டிப் பார்த்தேன். 'இலவசம்' என்று இருந்தது.

அந்த வாரமே டாக்டர் வீட்டுக்கு வந்தார். மாமாவின் வலது கையை விரித்து, மடக்கி, அளந்து பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"துளிகூட மாற்றம் இல்லையே. நான் சொன்ன மாதிரி வேலை ஏதாவது குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தோமாவா? இருங்க டாக்டர்!" நான் உள்ளே ஓடிப் பாதி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். கடையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து காட்டுகிற அதே தோரணை. "பாருங்க. எல்லாம் மாமா மாட்டுனது."

டாக்டர் குனிந்து பார்த்தார். ஒரு ஸ்குரூவை நகத்தால் தொட்டார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"இதையா? இந்தக் கையாலயா?"

மாமா மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றக்கூட இல்லை.

"ஐயா, எனக்காக ஒரு ஸ்குரூ கழட்டி மாட்டுங்க பார்க்கலாம்."

மாமா ஸ்குரூடிரைவரை எடுத்தார். இடது கையால். சர் சர் என்று இரண்டு திருகு. ஸ்குரூ வெளியே வந்தது. அதை இடது கையாலேயே பிடித்து, திரும்ப வைத்து, திருகி, தட்டியும் காட்டினார். பிறவியிலேயே இடது கைக்காரர்கள்கூட எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள்.

"அப்பா!" என்றாள் என் மனைவி.

"என்னம்மா பண்ணச் சொல்ற?" மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மாசத்துது மொத்தமா வந்து எறங்குது. வலது கையை நம்பி உட்கார்ந்தா முதல் ஸ்குரூவுக்கே பொழுது சாஞ்சுடும். தட்டுல தேங்க விடச் சொல்றியா?"

"ஐயா, எஞ்சின் முக்கியமா, கை முக்கியமா?" என்றார் டாக்டர்.

"ரெண்டும்தாம்மா. எஞ்சின் முதல்ல வந்துச்சு."

டாக்டர் பையை மூடிக்கொண்டு எழுந்தார். வாசலில் என்னிடம் சொன்னார்: "இடது கை பிரமாதம். அதுக்கு நான் எதுவும் செய்ய வேண்டியதில்ல. வலது கைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கு. இனிமே அவரை இடது கையால எதையும் தொடவே விடாதீங்க."

விடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் சொல்வது? மாமனாரைப் பார்த்து "கையை எடுங்க" என்று எந்த மாப்பிள்ளையால் சொல்ல முடியும்? நான் முயன்றேன்.

"மாமா, வலது கையால கொஞ்சம்..."

"செய்யறேன் மாப்பிள்ளை," என்றார் மரியாதையாக. கதவு சாத்திக்கொண்டது.

மனைவி கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். மாமா போர்வைக்குள் உட்கார்ந்து மாட்டினார். சகலை வந்தார். "இதெல்லாம் கண்டிப்பா சொல்லணும், எஞ்சினியர் சார். நான் எத்தனை பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். நெடுநேரம் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் அவர் இரண்டு கையாலும் எஞ்சினின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மாமா இடது கையால் பழைய ஸ்குரூக்களை எல்லாம் இறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"அசையாம பிடிங்கன்னு சொன்னாரு சகலை," என்றார் வெளியே வந்து. "பெரியவர் சொன்னா எப்படி மாட்டேங்கறது?"

சிலிண்டர் இதழ் வந்த அன்று கடைக்குப் போனேன். உள்ளே கடைக்காரர் யாரையோ போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "கையை எடுங்க! காயலைன்னு சொல்றேன்ல? எடுங்க கையை!" திட்டு வாங்கியவர் அவரைவிட எவ்வளவோ மூத்தவர், ரெட்டைக் கண்ணாடி. அவர் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் இல்லாத ஒரே பொருள் இந்தக் குரல்தான். எந்தப் பெட்டியோடும் இலவசமாக வராத பொருள்.

கடைக்காரரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மணிக்கட்டு, டாக்டர், மழைக்காலம், போர்வை. அவர் சிலிண்டர் இதழைப் பொந்திலிருந்து எடுத்தார், என்னிடம் நீட்டினார், திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

"உங்க கையில தர மாட்டேன். அவரே வந்து எடுக்கட்டும். இங்கயே பிரிக்கணும், இங்கயே மாட்டணும், வலது கையால. வாரம் ஒரு இதழ். முடிச்சாத்தான் அடுத்தது. நடுவுல தினமும் வந்து உட்காரலாம், மேசை சும்மாத்தான் கிடக்கு."

"ரொம்ப நன்றிங்க..."

"இருங்க. வீட்டுக்குப் பெட்டி வந்துட்டு இருந்தா இதுக்கு அர்த்தமே இல்ல. இங்க என் முன்னாடி வலது கை, அங்க போர்வைக்குள்ள இடது கைன்னு ஆயிடும். சந்தாவை நிறுத்திட்டு வாங்க."

"கண்ணாடிப் பெட்டி கடைசியிலதான்..." என்று என் வாய் என்னைக் கேட்காமலே ஆரம்பித்தது.

அவர் சீட்டைக் காட்டினார். 'இலவசம்'. நான் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

சந்தா கட்டுவதற்கு ஒரு பொத்தான் போதும். நிறுத்துவதற்கு எட்டுப் பேரிடம் ஜாதகம் சொல்ல வேண்டும். கடைசியில் அதே பெண்தான் வந்தாள்.

"ஏன் சார் நிறுத்தறீங்க? எங்க சேவையில ஏதாவது குறையா?"

குறையா என்று கேட்டதும் எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் அவளும் என்னைப் போல யாரோ எழுதிக் கொடுத்த அட்டையைப் படிக்கிற ஜீவன்தானே. "குறை ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்கே வருது பாரு, அதான் பிரச்சினை."

"சார், இப்போ தொடர்ந்தீங்கன்னா உங்களுக்கு மட்டும் எஞ்சின் வடிவ இரவு விளக்கு இலவசமா தர்றோம்."

நான் ஃபோனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"விளக்கு எரியுமா?"

"எரியும் சார். சக்கரமும் சுத்தும்."

லாண்டரியின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் வாங்க வந்துவிட்டு, இஸ்திரிப்பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிற வாடிக்கையாளரின் முகம். அந்த முகத்தைப் பார்த்தால் நான் மேலாளரிடம் கண் ஜாடை காட்டுவேன், விழுந்துவிட்டார் என்று.

"வேண்டாம்மா," என்றேன். "நிறுத்திடு. சீக்கிரம் நிறுத்து, நான் மனசு மாறறதுக்குள்ள."

"சரி சார். பாதியில நிறுத்தறதால மக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்."

"தாராளமா. பிரஷ்ஷை எடுத்துட்டு அனுப்பறேன்."

மாமாவிடம், சிலிண்டர் வந்துவிட்டது, ஆனால் நேரில் வந்தால்தான் தருவார்களாம் என்று மட்டும் சொன்னேன். "அது முறைதான். ஆளைப் பார்த்துத்தான் குடுக்கணும்," என்று உடனே சட்டை மாற்றிக்கொண்டார். மடியில் எஞ்சினை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார், பிரேக் போடும்போதெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டு.

கடைக்குள் நுழைந்ததும் அவர் கண் விமானங்களில் நிற்கவில்லை, பொந்துகளில் நின்றது.

"யார் அடுக்குனது இது?"

"நான்தான்," என்றார் கடைக்காரர்.

"தெரியுது. அடிக்கடி எடுக்கறது கைக்கு எட்டற மாதிரி நடுவுல இருக்கணும். இது என்ன, லேட்டுன்னு ஒருத்தர் நெஞ்சுக்கு நேரா இருக்காரு, தினமும் வர்றவங்க உத்தரத்துல தொங்கறாங்க."

"உங்க கை சரியானதும் நீங்களே வந்து அடுக்குங்க. இப்போ உங்க இதழை எடுங்க. வலது கையால."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு விமானத்தை ஆராய்ந்தேன். அவர் வலது கையைப் பொந்துக்குள் விட்டார். விரல் பிடிக்கவில்லை, உள்ளங்கையால் இழுத்து, நெஞ்சில் சாய்த்து, எப்படியோ இதழை மேசைக்குக் கொண்டுவந்தார். பையைப் பற்களால் கிழித்தார். அதற்குக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்குரூக்கள் வெள்ளைத் துணியில் கொட்டின. அரிசி அளவுதான் ஒவ்வொன்றும்.

"இடது கை பாக்கெட்டுக்குள்ள," என்றார் கடைக்காரர்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"பாக்கெட்டுக்குள்ள!"

எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மாமாவின் மூக்கு விடைத்தது. பிறகு இடது கை மெல்ல, போலீஸ் ஸ்டேஷனுக்குள் போகிறவன் மாதிரி, பாக்கெட்டுக்குள் போனது.

வலது கை துணி மேல் வந்து நின்றது. கட்டைவிரல் ஒரு பக்கம் இறங்கியது, ஆள்காட்டி விரல் இன்னொரு பக்கம். நடுவில் ஸ்குரூ. இரண்டு விரலும் நெருங்கின, நடுங்கின, வழுக்கின. ஸ்குரூ ஓரமாக உருண்டது. திரும்ப. திரும்ப. பாக்கெட்டுக்குள் இடது கை துடிப்பது துணிக்கு வெளியே தெரிந்தது. என் இரண்டு கைகளும் அதேபோலத் துடித்தன. எடுத்துக் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று பற்களைக் கடித்தேன். பசைக்கை தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ரெட்டைக் கண்ணாடி இரண்டாவது கண்ணாடியையும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஒரு தடவை ஸ்குரூ துணியை விட்டு எழும்பியேவிட்டது. ஒரு நொடிதான். உடனே தெறித்துத் தரையில் எங்கோ விழுந்தது.

எல்லாரும் கீழே இறங்கினோம். கடைக்காரர், பசைக்கை, ரெட்டைக் கண்ணாடி, நான், நால்வரும் முட்டிபோட்டு, காய்ந்த பசைத் துண்டுகளுக்கும் இறக்கைத் துணுக்குகளுக்கும் நடுவே கையால் துழாவினோம். மேசைக் கால் ஓரமாக அது என் விரலில் தட்டுப்பட்டது. எழுந்தேன். மாமாவின் வலது கை என் முன்னால் விரிந்து கிடந்தது. அதில் வைக்கப் போனேன்.

"கையில வேண்டாம் மாப்பிள்ளை," என்றார். முகம் வியர்த்திருந்தது. "மேசையில வைங்க."

வைத்தேன். அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? எவ்வளவு நேரமாச்சு? சிலிண்டர் மாட்டியாச்சா?"

"சிலிண்டரா? ஒரு ஸ்குரூ தூக்கிட்டு இருக்கோம்."

"ஒரு ஸ்குரூவா? இவ்வளவு நேரமாவா? யாரு தூக்கறா?"

"அப்பாதான். மத்தவங்க எல்லாரும் மூச்சு பிடிச்சுட்டு இருக்கோம்."

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. "எந்தக் கையால?"

"வலது கையால."

"தூக்கிட்டாரா?"

"எங்க தூக்கறது? தூக்குனாரு, போட்டாரு, இப்போ திரும்பக் குனியறாரு," என்றேன். "நீ ஃபோனை வை. சத்தத்துக்கு உருண்டுடப் போவுது."

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஃபோனை மேசைப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.